கரும்புகைக்கு யார் பொறுப்பு?

1

நாளை ஆயுத பூஜை. எலுமிச்சம்பழமும் சந்தனமும் வாங்கலாம் என்று இன்று காலை தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். சிராங்கூன் சாலையில் ஒரு பழைய லாரி சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தது. பச்சை விழுந்ததும் இருமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் குபுகுபுவென்று கரும்புகை. பூக்கடைக்காரர் மல்லிகைச் சரத்தின் மேல் ஈரத் துணியை இழுத்துப் போட்டார். நான் பையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையைத் தடவினேன். லைசென்ஸ் இருந்தது.

லாரி என்னுடையது அல்ல. நான் ஓட்டவும் இல்லை. எலுமிச்சம்பழம் வாங்க நடந்து போகிற ஆளுக்கு எதற்கு லைசென்ஸ்? ஆனாலும் கை தானாகப் போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் புகை விடாத பஸ்ஸைப் பார்த்தால், "என்னப்பா, வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்கிற ஆட்கள் நாம். இங்கே அப்படி இல்லை. இங்கே புகைக்கு ஆள் வேண்டும். யாருடைய புகை என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஒருவன் இருந்தே ஆகவேண்டும்.

அந்த ஒருவனாக நான் ஆன கதையை இத்தனை வருஷம் எழுதாமல் வைத்திருந்தேன். என் மகள் வாணி அடுத்த வாரம் செவிலியர் படிப்புக்காக ஆஸ்திரேலியா போகிறாள். நேற்று அவள் என்னிடம் கேட்ட ஒன்றினால் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

தேக்கா மார்க்கெட்டைச் சாலைக்கு எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்கு மாற்றிய காலம் அது. புக்கிட் தீமா பக்கத்துக் கல் குவாரியிலிருந்து அங் மோ கியோவில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி வீடுகளுக்கு ஜல்லி ஏற்றும் டிப்பர் லாரி என்னிடம் இருந்தது. 'என்னிடம் இருந்தது' என்று எழுதுகிறேன், பாருங்கள். லாரி தவுக்கேயுடையது. தவுக்கே என்றால் இங்கே முதலாளி. எங்கள் தவுக்கே ஹொக்கியன் பேசும் சீனர். எனக்கு ஹொக்கியன் வராது, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் சந்தை மலாயில் குடும்பம் நடத்தினோம்.

தவுக்கேக்கு ஒரு நாளைக்கு நிறைய நடை வேண்டும். மேட்டில் லாரி முக்கினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் ஜாலான் புசாரில் பட்டறை வைத்திருந்த அந்தோணி அண்ணனிடம் சொல்லி டீசல் பம்பை ஏற்றிவிடச் சொல்வார். பம்பில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகினால் எஞ்சினுக்கு டீசல் அதிகம் போகும், லாரி குதிரை மாதிரி மேடேறும். எரியாத டீசல் பின்னால் புகையாக வரும். வருஷாந்திர சோதனைக்கு முன்னால் அதே திருகை இறக்கிவிடுவார்கள், சோதனை முடிந்ததும் மறுபடி ஏற்றுவார்கள். எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். யாருக்கும் அது தப்பு என்று தோன்றியதே இல்லை.

ஒரு நாள் மேட்டின் உச்சியில் வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரிகள் இருவர் கையைக் காட்டி நிறுத்தினார்கள். லாரியை நிற்கவைத்தே ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார்கள். எஞ்சின் அலறியது. ஒருவர் புகைக்குழாயில் மெஷினை வைத்து அளந்தார். இன்னொருவர், மலாய்க்காரர், நல்ல மனிதர், என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். நீல அட்டை. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கு நீலம், குடிமகனுக்கு இளஞ்சிவப்பு.

"லாரி யாருது?" என்று மலாயில் கேட்டார்.

"தவுக்கேயுது, டுவான்," என்று ஐயா போட்டே சொன்னேன்.

"ஸ்டியரிங் யாரு கையில இருக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் என் பெயரை எழுதிக்கொண்டார்.

அன்று மதியம் தவுக்கேயின் தகரக் கொட்டகையில் நானும் அந்தோணி அண்ணனும் நின்றோம். தவுக்கே காப்பியைக் கிண்டிக்கொண்டே கேட்டார்: "சியாப்பா சாலா?" யாருடைய தப்பு?

அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி கால கொஞ்சம் லேசா வைக்கணும் லா. மேட்டுல அமுக்குனா எந்த எஞ்சின்தான் தாங்கும்?"

"பம்ப ஏத்துனது நீங்கதானேண்ணே?"

"ஏத்தச் சொன்னது யாரு? நானா ஆசைப்பட்டா ஏத்துனேன்?"

ஏற்றச் சொன்னவர் காப்பியைக் குடித்து முடித்தார். "சாயா தா தாவு," என்றார். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். முதலாளிக்கு எவ்வளவு வசதியான வார்த்தை, பாருங்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் அந்தக் கொட்டகையில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

3

கடிதம் வந்தது. அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. என் மனைவி பாக்கியம் முதலில் அதைச் சாமி படத்தின் முன்னால் வைப்பாள். பிறகு வாணி பள்ளியிலிருந்து வந்து பிரிப்பாள். வாணி அப்போது உயர்நிலை முதல் வகுப்பு. ஆங்கிலத்தில் நினைத்து ஆங்கிலத்தில் கனவு காணும் பிள்ளை. தமிழ் அவளுக்கு எங்களோடு சோறு சாப்பிட உட்காரும்போது மட்டும் வேண்டும்.

அவள் கடிதத்தை முதலில் மனசுக்குள் வாசித்தாள். முகத்திலிருந்து குறும்பு போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னம்மா சொல்றான்?"

"லாரியை ரிப்பேர் பண்ணி இன்ஸ்பெக்ஷனுக்குக் கொண்டு வரணும்பா. மறுபடி ஃபெயில் ஆனா... உங்க லைசென்ஸ ஏன் எடுக்கக் கூடாதுன்னு நீங்க ரீசன் சொல்லணும்."

"என் லைசென்ஸையா? தவுக்கேக்கு ஒண்ணும் இல்லையா?"

"அவங்களுக்கும் லெட்டர் போவும்னு போட்டிருக்கு. பட் லைசென்ஸ் உங்களோடதுதானே?"

நாற்பது வயதில் நான் பதிமூன்று வயதுப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விதி எனக்குத் தெரியாத பாஷையில் எழுதப்பட்டு, என் குழந்தையின் வாய் வழியாக எனக்குச் சொல்லப்பட்டது. அந்த வயதில் அவளுக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு என் பயமே பெரிதாக இருந்தது.

என் பயத்துக்கு இரண்டு வேர்கள். ஒன்று இங்கே இருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். பாக்கியமும் வாணியும் இங்கே பிறந்தவர்கள், இளஞ்சிவப்பு. வீட்டில் நான் ஒருவன்தான் நீலம். லைசென்ஸ் போனால் வேலை போகும். வேலை இல்லாதவனுக்கு, அதுவும் தண்டனை வாங்கியவனுக்கு, எவன் குடியுரிமை தருவான்? நீல அட்டையும் நிலைக்குமா என்று காப்பிக்கடையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றான் ஒருவன். அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று இன்னொருவன் சொன்னான். முதல் ஆள் சொன்னதுதான் என் காதில் தங்கியது.

இன்னொரு வேர் ஊரில் இருந்தது. என் அண்ணன் தனியார் பஸ் ஓட்டினார். பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று முதலாளி வீட்டு வாசலில் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வாரத்துக்கு முன்னால் பஸ் பாலத்துச் சுவரில் மோதியது. நிறையப் பேருக்கு அடி. முதலாளி போலீஸிடம் "டிரைவருக்குக் கவனம் போதாது" என்று ஒரே வரிதான் சொன்னார். ஜெயிலிலிருந்து திரும்பிய அண்ணன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பஸ்ஸில் பயணியாக ஏறினால்கூடக் கடைசி சீட்டில், டிரைவரின் முதுகு தெரியாத இடமாகப் பார்த்து உட்காருவார்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் அண்ணன் மடியில் என்ன கனம் இருந்தது? வெறும் மடிக்காரனுக்குத்தான் பயம் அதிகம். அவனுக்காகப் பேச ஆள் கிடையாது.

அன்று பாக்கியம் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள். கஷ்டம் வந்தால் அவள் செய்வது அதுதான். காரியம் முடிந்ததும் முடிச்சை வீரமாகாளியம்மன் கோயில் உண்டியலில் சேர்த்துவிடுவாள்.

வாணி சிரித்தாள். "அம்மா, ஒரு காயின கட்டி வச்சா எஞ்சின் ரிப்பேர் ஆயிடுமா? எல்லாம் சூப்பர்ஸ்டிஷன் லா."

"நீ வாய மூடு. படிச்ச திமிரு," என்றாள் பாக்கியம்.

எனக்கு அந்தச் சிரிப்பு வலித்தது. வர வர அவள் கோயிலுக்கு வருவதில்லை. நெற்றியில் வைத்த விபூதி லிஃப்ட் கீழே போய்ச் சேர்வதற்குள் காணாமல் போகும். இந்தப் பிள்ளை நம்மை விட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பிடித்து நிறுத்த எந்தப் பாஷையில் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

4

அந்தோணி அண்ணன் லாரியைப் பிரித்து மேய்ந்தார். பம்பை இறக்கினார், டீசலைப் பீய்ச்சும் நாசில்களை மாற்றினார், புது ஏர் ஃபில்டர் போட்டார். கேபினுக்குப் பின்னால் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் தடித்த குழாய் ஒன்று நிற்கும். அதன் வாயில் இருந்த கம்பி வலை உடைந்து விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது. அதையும் மாற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். தவுக்கே கையை உதறினார். ஃபில்டர் புதுசு, அப்புறம் வலை எதற்கு?

லாரியை ஓட்டிப் பார்த்தேன். மேட்டில் முக்கியது, ஆனால் புகை இல்லை. அந்தோணி அண்ணன் வெள்ளைத் துணியைப் புகைக்குழாயில் பிடித்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த வேளாங்கண்ணி மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குப் பல வாரங்களுக்குப் பிறகு பசித்தது.

அந்த வாரம் ஆயுத பூஜை. சோதனைக்குத் தேதி அடுத்து வந்த திங்கள்கிழமை. தவுக்கேயிடம் கேட்டு லாரியை எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினேன். கழுவினோம், சந்தனம் குங்குமம் வைத்தோம், மாலை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாடியிலிருந்து சீனப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

வாணி தானாகக் கீழே இறங்கி வந்தாள். "அப்பா, மேல நான் பொட்டு வைக்கட்டுமா? உங்களுக்கு முதுகு வலின்னீங்களே?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தாள். வாணி கேபின் படியில் ஏறி, பின்பக்கம் போய், கொஞ்ச நேரம் கழித்து இறங்கினாள். கையெல்லாம் மஞ்சள். சூடம் காட்டினோம். அவளும் கும்பிட்டாள். பிள்ளை திரும்பி வந்துவிட்டது என்று எனக்குக் கண் கலங்கியது.

5

மறுநாள் காலை லாரி குவாரி வாசலைத் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வானமே தெரியவில்லை.

முன்பு வந்ததெல்லாம் புகையே அல்ல. இது அடுப்புக்கரியைக் கரைத்து ஊற்றியது போல் கெட்டியாக வந்தது. லாரிக்கு இழுக்கவும் சக்தி இல்லை. மிதிக்க மிதிக்கப் புகைதான் கூடியது. பின்னால் வந்த டாக்ஸிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான். ஓரமாக நிறுத்தி இறங்கினேன். சாலையில் போகிற ஒவ்வொரு வெள்ளைச் சட்டையும் அதிகாரியாகத் தெரிந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஓர் ஆசிரியரைப் பார்த்துக்கூட நான் சலாம் வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாரியை ஜாலான் புசாருக்கு ஊர்ந்தே கொண்டுபோனேன். அந்தோணி அண்ணன் பம்பைப் பார்த்தார், நாசில்களைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. மறுபடி மாட்டினார். மறுபடி புகை. இப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது.

பயந்தவனுக்கு நாக்கு கெட்டுவிடும். "அண்ணே, புது நாசில்னு பழச மாட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "என்னா தம்பி பேச்சு பேசுற? என் கையில விட்ட வண்டிக்கு நான் துரோகம் பண்ணுவனா? அன்னிக்கு வெள்ளத் துணி வெள்ளையா இருந்துச்சுல? பூஜைக்கு எடுத்துட்டுப் போனது நீ. அங்க என்னா பண்ணுனன்னு நீதான் சொல்லணும்."

"கழுவினேன், சந்தனம் வச்சேன். சந்தனத்துக்கா புகை வரும்?"

தவுக்கேயும் வந்துவிட்டார். இந்த முறை காப்பி இல்லை. "சியாப்பா சாலா?" என்றார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, திங்கள்கிழமை லாரி தோற்றால் அதிகாரிகளிடம் டிரைவரின் கால்தான் காரணம் என்று சொல்லப்போவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவருக்குக் கவனம் போதாது. பாஷைதான் வேறு. ஊரில் இருக்கிற என் அண்ணன் முகம் வந்து எதிரில் நின்றது. பட்டறை வாசலில் இருந்த டயர் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டேன். ஊரில் கடனில்லை, சொத்துமில்லை, திரும்பிப் போனால் படுக்க இடமும் இல்லை. வாணி யாருக்குக் கடிதம் வாசித்துக் காட்டுவாள் என்றெல்லாம் நினைப்பு ஓடியது.

சனிக்கிழமை மாலை பூசைக்கு அந்தோணி அண்ணன் மாதா கோயிலுக்குப் போகிறவர். அன்று போகவில்லை. என் பக்கத்தில் வந்து சொன்னார், "டீசல் பக்கம் எல்லாம் பாத்தாச்சு. காத்துப் பக்கம் பாக்கல. ஃபில்டர் நானே மாட்டுனதுனு விட்டுட்டேன். எந்திரி, கொழாய கழட்டுவோம்."

எஞ்சினுக்கு டீசல் இருந்தும் காற்று இல்லாவிட்டால் எரியாது, புகையும். அது எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் புது ஃபில்டர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கமே நாங்கள் திரும்பவில்லை.

6

குழாய் வளைகிற இடத்தில் கையை விட்டவர் அப்படியே நின்றார். மெதுவாக வெளியே எடுத்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

மஞ்சள் துணி. நல்ல பெரிய முடிச்சு, இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவு. உள்ளே எலுமிச்சம்பழமும் காசும் தட்டுப்பட்டன. வாய்ப்பக்கம் வைத்ததை எஞ்சின் இழுத்து இழுத்து வளைவில் கொண்டுபோய் அடைத்திருக்கிறது.

அந்தோணி அண்ணன் அதைப் பிரிக்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, சுத்தமான துணியில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். "உங்க சாமி சமாச்சாரம். நான் தொறக்கல. தங்கச்சி வேண்டிக்கிட்டு வச்சிருக்கும் போல. கோச்சுக்காத."

நானும் பாக்கியம் என்றுதான் நினைத்தேன். கோபம் உச்சிக்கு ஏறியது. இரண்டாவது பார்வையில்தான் முடிச்சைக் கட்டியிருந்த நாடா கண்ணில் பட்டது. பாக்கியம் நூலால் கட்டுவாள். இது வெள்ளை ரிப்பன். பள்ளிச் சீருடைக்குப் பின்னலில் கட்டுகிற ரிப்பன். ஒரு ரிப்பனைத் தொலைத்துவிட்டதாக வாணி அந்த வாரம் அம்மாவிடம் திட்டு வாங்கியிருந்தாள்.

என் பிள்ளை பயந்திருக்கிறது. எங்களைவிட அதிகமாகப் பயந்திருக்கிறது. கடிதத்தின் ஒவ்வொரு வார்த்தையும் அதற்குத்தானே தெரியும்? எங்களுக்குச் சொன்னது பாதி. சொல்லாத மீதியை மனசில் வைத்துக்கொண்டு, யாரைப் பார்த்துச் சிரித்ததோ அந்த அம்மா செய்வதையே ரகசியமாகச் செய்திருக்கிறது. காசு சின்னதாக இருந்தால் போதாது என்று நினைத்தோ என்னவோ, இத்தனை பெரிய முடிச்சு.

நான் அந்தப் பட்டறையில் வாய்விட்டு அழுதேன். அந்தோணி அண்ணன் குழாயை மாட்டுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

லாரியை ஸ்டார்ட் செய்தோம். வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்தது.

"அந்த வலை இருந்திருந்தா இது உள்ளாற போயிருக்காது," என்றார் அவர். "வலை போடாதது தவுக்கே. காத்துப் பக்கம் பாக்காதது நான். தவுக்கே கேட்டா அப்படியே சொல்லிடுவோம். புள்ளைய இழுக்க வேணாம்."

அவருக்கும் ரிப்பன் கண்ணில் பட்டிருக்கிறது.

திங்கள்கிழமை சோதனையில் லாரி தேறியது. மெஷினை வைத்த அதிகாரி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்கு அது இன்னொரு லாரி. எனக்கு முதுகுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. தவுக்கேயிடம் போனோம். அவர் கேட்கும் கேள்வி தெரிந்ததுதான்.

அந்தோணி அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "சாயா சாலா, தவுக்கே." என் தப்பு. கழுவும்போது துணி ஒன்று காற்றுக்குழாய்க்குள் போய்விட்டது, நான் கவனிக்கவில்லை.

ஊரில் என் அண்ணன் எதைச் சொல்லாமலே ஜெயிலுக்குப் போனாரோ அதை நானே வலியப் போய்ச் சொன்னேன். ஆனால் அன்று எனக்குப் பயமில்லை. அந்த மாதங்களில் பயமில்லாமல் நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். வலையைப் பற்றிப் பேசினால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் முடிச்சு அவிழும், அவிழ்ந்தால் ஒரு குழந்தையின் பெயர் அந்தத் தகரக் கொட்டகையில் அடிபடும். அது வேண்டாம்.

"போடோ," என்றார் தவுக்கே. முட்டாள். மறு வாரமே அந்த லாரியை வேறு டிரைவருக்குக் கொடுத்துவிட்டு, இருப்பதிலேயே பழைய லாரியில் பொங்கோல் பன்றிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்ற என்னை அனுப்பினார். நாற்றத்தைச் சகித்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். லைசென்ஸ் பையில் இருந்தது. பின்னொரு நாள் இளஞ்சிவப்பு அட்டையும் வந்து சேர்ந்தது.

வாணியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பாக்கியத்திடமும் சொல்லவில்லை. முடிச்சைச் சட்டைகளுக்கு அடியில் அலமாரியில் வைத்தேன்.

7

நேற்று வாணி பாஸ்போர்ட் தேடி என் அலமாரியைக் கலைத்தாள். கட்டிலில் பெட்டி திறந்தபடி கிடந்தது. திரும்பிப் பார்த்தால் கையில் அந்த முடிச்சு. பழம் காய்ந்து கல்லாகியிருந்தது. ரிப்பன் கறுத்துப்போயிருந்தாலும் கட்டு அவிழாமல் இருந்தது.

"அப்பா... இது உங்ககிட்ட எப்படி?"

"தவுக்கே லாரிய விக்கும்போது கெடைச்சுது," என்றேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "நான்தான்பா வச்சேன். முன்னாடி வச்சா அம்மா பாத்துடுவாங்க. சிரிப்பாங்க. நான்தானே அவங்களப் பாத்துச் சிரிச்சேன்? அந்தப் பைப் உள்ள வச்சா யாருக்கும் தெரியாதுன்னு..." ரிப்பனை நீவினாள். "உங்கள அனுப்பிடுவாங்கன்னு நினைச்சேன். டெய்லி ஸ்கூல் டாய்லெட்ல அழுவேன். அப்பறம் நீங்க பாஸ் ஆயிட்டீங்க. தெரியுமாப்பா, இன்னி வரைக்கும் இதனாலதான் பாஸ் ஆனீங்கன்னு நான் நம்புறேன். சில்லி இல்ல?"

அதனால்தான் நாம் எல்லாரும் மூழ்கப் பார்த்தோம் என்று எப்படிச் சொல்வேன்? இந்தப் பிள்ளை இத்தனை வருஷமாகத் தன் அப்பாவைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. தலை நிமிர்ந்து நடந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் யாருக்கு லாபம்?

"ஆமாம்மா," என்றேன். "அதனாலதான்."

அப்போதுதான் அவள் கேட்டாள். "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்கப்பா. அம்மா இல்ல, நீங்க. அங்க எனக்கு யாரையும் தெரியாது. பயமா இருக்கு."

அதற்கும் சேர்த்துத்தான் இன்று காலை எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன். வீட்டில் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்தேன். காசு வைத்தேன், எலுமிச்சம்பழம் வைத்தேன், விபூதி வைத்தேன். முடிச்சு தானாகப் பெரிதாகிக்கொண்டே போனது. ஆஸ்திரேலியாவின் குளிருக்குக் கொஞ்சம் விபூதி, தனியாகப் போகும் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம், திரும்பி வராமலே இருந்துவிட்டால் என்ற நினைப்புக்கு இன்னும் கொஞ்சம். கடைசியில் பார்த்தால் இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவு.

அவிழ்த்துவிட்டேன். ஒரே ஒரு காசு வைத்து, சுண்டைக்காய் அளவு முடிந்து, அவள் கையில் கொடுத்தேன்.

"இவ்வளவு சின்னதாவா?" என்று சிரித்தாள்.

"இது போதும்மா. உனக்குக் காத்து வரட்டும்."

அவளுக்கு விளங்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் வைத்துக்கொண்டு மூடினாள்.